புள்ளிக்கு முன் நிற்பது யார்? நிரலகங்களின் தொடரமைப்பும் தமிழ் இலக்கணமும்

கணினி நிரல் எழுதுவோர் இருவகை இலக்கணங்களுக்கு உட்பட்டே எழுதுகின்றனர். முதலாவது, நிரல்மொழியை ஆக்கியோர் வகுத்தது. எங்கே அடைப்புக்குறி வரவேண்டும், எந்தச் சொல் ஆணைச்சொல், எது பிழை என்பன அதனுள் அடங்கும். அதை மாற்றும் உரிமை எழுதுவோருக்கு இல்லை. இரண்டாவது, நிரலகம் ஆக்கியோர் வகுத்தது. நிரலகம் என்பது ஒருவர் எழுதி வைத்து, பிறர் தம் நிரல்களில் எடுத்தாளும் ஆயத்தச் செயல்களின் தொகுப்பு. ஒரு செயலுக்கு என்ன பெயர், அச்செயல் எந்தப் பொருளுக்கு உரியது, அதற்குத் தரவேண்டியவை எந்த வரிசையில் நிற்கவேண்டும், செயல் முடிந்தபின் எது திரும்பி வரும் என்று நிரலகம் ஆக்கியோர் எடுக்கும் முடிவுகளே அந்த இரண்டாம் இலக்கணம். அது நூற்பாவாக எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆயினும் பயன்படுத்துவோர் நாள்தோறும் எழுதும் தொடர்கள் அம்முடிவுகளின்படியே அமைகின்றன. அவர்கள் செய்யும் பிழைகளிற் பலவும் அம்முடிவுகளிலிருந்தே பிறக்கின்றன.

பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாண்டு பயிலும் மாணவர் வேற்றுமை உருபு, வினைமுற்று, எச்சம், தன்வினை, பிறவினை ஆகியவற்றைத் தமிழில் கற்கிறார். பின்னர் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறார். 2017இல் இடைநிலைப் பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ‘அசாஸ் சைன்ஸ் கொம்பியூட்டர்’ என்னும் கணினி அறிவியல் அடிப்படைப் பாடமும் முதலாம் படிவத்திலிருந்து இடம்பெற்றது. அப்பாடத்தை எடுக்கும் மாணவருக்கு விளக்கம் மலாய்மொழியில் கிடைக்கிறது. ஆணைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் கற்ற இலக்கணம் வகுப்பறை வாசலிலேயே நின்றுவிடுகிறது. நிரலாக்கம் தமக்குத் தொடர்பற்ற துறை என்று தமிழாசிரியரும், தமிழ் இங்கே உதவாது என்று மாணவரும் எண்ணிக்கொள்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பது என் கருத்து. நிரலகம் ஒன்றின் தொடரமைப்பை ஆராயத் தேவையான கருவிகளிற் பெரும்பகுதி தமிழ் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. அதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுகளை ரப்பர்த் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கோலகங்சாரில் 1877இல் ஹியூ லோ நட்ட கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. இந்நாட்டு ரப்பர் வரலாறு அவ்வூரிலிருந்தே தொடங்குகிறது எனலாம். சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சுற்றியும் இருந்த தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டச் சொற்களை இளையோர் பாட்டி தாத்தாவின் வாயிலாகவே கேட்டிருப்பர். ஆகவே ஒரு சிறு விளக்கம்: மரத்தின் பட்டையைச் சீவும் கத்தி உளி, பால் வடிந்து நிறையும் கிண்ணம் மங்கு, ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசை நிரை, வெட்டுவாயிலும் மங்கிலும் உறைந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், ஆள்கணக்கும் வேலைக்கணக்கும் எழுதப்படும் ஏடு செக்ரோல், அதை எழுதுபவர் கிராணி. ஆங்கில ஆணைச்சொற்கள் வருமிடங்களில் அவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வகுப்பில் மூல எழுத்தில் காட்டிக்கொள்ளலாம்.

உளி யாருடையது?

பழைய முறை நிரலாக்கத்தில் செயலே முதலில் நிற்கும். கணிதத்தில் சார்பு எழுதும் மரபு இது.

சீவு(மரம், உளி)

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பெயர் முன்னே வரும். பெயரை அடுத்துப் புள்ளி, புள்ளியை அடுத்துச் செயல்.

மரம்.சீவு(உளி)

நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் ஒஸ்லோவில் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் இப்புள்ளி வடிவம் இடம்பெற்றது. பின்வந்த சி++, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றிலும் அதுவே வழக்காயிற்று. தமிழ் மாணவருக்கு இவ்வடிவம் அயலானதன்று. ஆங்கிலக் கட்டளைத் தொடர் வினையோடு தொடங்கும். தமிழ்க் கட்டளைத் தொடரில் பெயர் முன்னும் வினை பின்னும் நிற்கும். ‘மரத்தைச் சீவு’ என்பதற்கு அருகில் இருப்பது இரண்டாம் வடிவமே. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை. முழு ஒற்றுமையும் அன்று. அடைப்புக்குறிக்குள் இருக்கும் உளி, வினைக்குப் பின்னே தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, அப்புள்ளி எந்த வேற்றுமையைக் குறிக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். ‘பெயர்.நீளம்’ என்றால் பெயரினது நீளம். புள்ளிக்கு ஆறாம் வேற்றுமைப் பொருள். ‘கோப்பு.மூடு()’ என்றால் கோப்பை மூடு, இரண்டாம் வேற்றுமை. ‘பட்டியல்.சேர்(எண்)’ என்றால் பட்டியலில் எண்ணைச் சேர், ஏழாம் வேற்றுமை. ‘உளி.சீவு(மரம்)’ என்று எழுதினால் உளியால் மரத்தைச் சீவு; மூன்றாம் வேற்றுமை. ஒரே புள்ளி இத்தனை உருபுகளின் வேலையைச் செய்கிறது. எது எவ்விடத்தில் என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்கிறார். தமிழில் இதற்கு ஒப்பானது வேற்றுமைத்தொகை. ‘பால் வாளி’ என்பதைப் பாலையுடைய வாளி என்று விரிக்க நாம் பழகியிருப்பதுபோல, நிரலாளரும் புள்ளியை விரித்துப் பொருள் கொள்கின்றனர்.

ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியோருள் தலைமையானவராகிய ஆலன் கே, இவ்வடிவத்தை வேறுவிதமாகப் பார்த்தார். பொருள் ஒன்றின்மீது நாம் செயலை நிகழ்த்துவதில்லை. அப்பொருளுக்குச் செய்தி அனுப்புகிறோம், எப்படிச் செய்வது என்பதை அதுவே முடிவு செய்கிறது என்பது அவருடைய பார்வை. அப்படியானால் புள்ளிக்குப் பொருத்தமானது எட்டாம் வேற்றுமை. பொருளை விளித்து ஏவுகிறோம். ‘தொழிலாளியே, இம்மரத்தைச் சீவு’ என்பது இயல்பாக இருக்கிறது. ‘மரமே, சீவு’ என்பதோ நகைப்புக்கு இடமாகிறது. மரம் தன்னைத் தானே சீவிக்கொள்ளுமா?

நகைப்புக்கு இடமான இக்கேள்விதான் நிரலகம் ஆக்குவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. சீவுதல் என்னும் செயலைத் தொழிலாளியிடம் வைப்பதா, மரத்திடம் வைப்பதா, உளியிடம் வைப்பதா? மூன்றும் எழுதக்கூடியவையே. செயலால் எதன் நிலை மாறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. பட்டையின் எஞ்சிய உயரமும் கடைசியாகச் சீவிய நாளும் மரத்தின் விவரங்கள். அவற்றை மாற்றும் உரிமை மரத்துக்கு மட்டுமே இருந்தால், வேறெந்தச் செயலும் அவற்றைத் தவறாகத் திருத்த இயலாது. ஆகவே உலகியலுக்கு ஒவ்வாததுபோல் தோன்றினும் ‘மரம்.சீவு(உளி)’ என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. ஜூலியா போன்ற மொழிகள் இவ்வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டன. அங்கே செயல் எப்பொருளுக்கும் உரியதன்று. ‘சீவு(தொழிலாளி, மரம், உளி)’ என்று எழுதினால் மூன்றின் வகைகளையும் பார்த்துப் பொருத்தமான செயல் தேர்ந்தெடுக்கப்படும்.

உண்மையான வழக்கு ஒன்றைக் காண்போம். பெயர்கள் பலவற்றை இடையில் கோடு வைத்து ஒரே சரமாக இணைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலும் ரூபியிலும்,

பெயர்கள்.ஜாயின்("-")

பைத்தானில்,

"-".ஜாயின்(பெயர்கள்)

பைத்தானில் கோடுதான் ஏவப்படுகிறது; பெயர்கள் அடைப்புக்குறிக்குள் செல்கின்றன. புதிதாகப் பயில்வோர் பலரும் இங்கே திகைக்கின்றனர். இதற்குக் காரணம் உண்டு. இணைக்கப்படுவது பட்டியலாக இருக்கலாம், கணமாக இருக்கலாம், கோப்பின் வரிகளாக இருக்கலாம், நாளை ஒருவர் புதிதாக ஆக்கும் தொகுதியாகவும் இருக்கலாம். செயலைத் தொகுதியிடம் வைத்தால் ஒவ்வொரு வகைத் தொகுதிக்கும் அதைத் தனித்தனியே எழுதவேண்டும். இடையில் வருவது எப்போதும் சரமே ஆதலால், சரத்திடம் வைத்தால் ஒருமுறை எழுதினாற் போதும். நிரலகம் ஆக்குவோர் நிலையில் இது சிக்கனம். படிப்போர் நிலையில் இது இடர். தமிழிலோ ‘பெயர்களைக் கோட்டால் இணை’ என்றாலும் ‘கோட்டால் பெயர்களை இணை’ என்றாலும் எவரும் திகைப்பதில்லை. ஐயும் ஆலும் அந்தந்தப் பெயரோடு ஒட்டிச் செல்வதே காரணம்.

உருபில்லாத எண்கள்

தோட்டக் கிராணியின் செக்ரோலைக் கணினியில் எழுதுவதாகக் கொள்வோம். 27ஆம் எண் ஆள், 14ஆம் நிரையில் பால் வெட்டி, 32 கிலோ கொண்டுவந்து நிறுத்தார். நிரலகம் ஆக்கியவர் இப்படி ஒரு வடிவம் தந்திருக்கிறார்:

செக்ரோல்.பதி(27, 14, 32)

மூன்றும் எண்கள், மூன்றும் உருபில்லாமல் நிற்கின்றன. எது ஆள், எது நிரை, எது எடை என்பதை இடம் மட்டுமே சொல்கிறது. அவசரத்தில் ஒருவர் 27, 32, 14 என்று எழுதிவிட்டால் கணினி மறுப்புச் சொல்லாது. 32ஆம் நிரையில் 14 கிலோ என்று பதிந்துவிடும். நிறுவையைப் பொறுத்துக் கூலி அமையுமிடத்தில், 27ஆம் எண் ஆளின் கூலி அன்று குறையும். ஏன் குறைந்தது என்பதற்கு நிரலில் எந்த அடையாளமும் இராது. கையால் எழுதிய பழைய ஏட்டில் இவ்விடர் குறைவு. அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே தலைப்பு இருக்கும். கிராணியின் கண் அதைத் தாண்டாமல் எழுத இயலாது.

இது கற்பனை இடர் அன்று. பிஎச்பி மொழியில் ஒரு சரத்துக்குள் மற்றொரு சரத்தைத் தேடும் ‘ஸ்டர்பாஸ்’ என்னும் செயலுக்கு, எதில் தேடுவது என்பதை முதலிலும் எதைத் தேடுவது என்பதை அடுத்தும் தரவேண்டும். ஓர் அணிக்குள் தேடும் ‘இன்_அரே’ என்னும் செயலுக்கு இவ்வரிசை தலைகீழ். வைக்கோற்போரும் ஊசியும் இடம் மாறி நிற்கும் இம்முரண்பாடு நிரலாளரிடையே பெயர்பெற்றது. ஒருமுறை வெளியிட்டுப் பலர் பயன்படுத்தத் தொடங்கியபின் வரிசையை மாற்ற இயலாது. மாற்றினால் உலகெங்கும் உள்ள பழைய நிரல்கள் உடையும். 2020இல் வந்த பிஎச்பி 8.0 பதிப்பு, வரிசையைத் தொடாமல், பெயர் குறித்துத் தரும் வசதியைச் சேர்த்தது.

பெயர் குறித்துத் தருவது என்றால் இதுதான்:

செக்ரோல்.பதி(ஆள்=27, நிரை=14, எடை=32)

இப்போது எடையை முன்னே எழுதினாலும் பொருள் மாறாது. ‘கங்காணி தண்டலிடம் வாளியைக் கொடுத்தார்’ என்பதை ‘வாளியைத் தண்டலிடம் கங்காணி கொடுத்தார்’ என்று மாற்றினாலும் கொடுத்தவரும் பெற்றவரும் மாறாதிருப்பது போன்றது இது. தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்கள் செயலுக்குத் தரப்படும் மதிப்பைச் ‘செயலுருபு’ என்று வழங்குகின்றன. அச்சொல்லை ஆக்கியவரின் நோக்கம் எதுவாயினும், உருபு என்னும் பகுதி அங்கே மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இக்கருத்தை நெடுங்காலத்துக்கு முன்பே முழுமையாகக் கையாண்டது ஸ்மால்டாக். அங்கே செயலுருபுகளைத் தர அடைப்புக்குறி வேண்டியதில்லை. அகராதி ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத, ‘அகராதி அட்: சொல் புட்: பொருள்’ என்று எழுதவேண்டும். இடம் குறிக்கும் சொல்லும் வைப்பதைக் குறிக்கும் சொல்லும் தத்தம் மதிப்புகளின் முன்னே நிற்கின்றன. அவை இரண்டும் சேர்ந்ததே அச்செயலின் பெயர். ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்கள் நிரலுக்குள் நுழைந்த வழி இது. இம்மரபு ஆப்ஜெக்டிவ்-சி வழியாக ஆப்பிள் நிறுவனம் 2014இல் அறிவித்த ஸ்விஃப்ட் மொழிக்கு வந்து சேர்ந்தது. ஸ்விஃப்டில் செயலுருபுகளுக்குப் பெயர் குறிப்பதே இயல்பு நிலை. குறிக்காமல் விடுவதே தனியாகச் சொல்லவேண்டிய விலக்கு. பைத்தான் மறுமுனையில் நிற்கிறது: பெயர் குறிப்பது எழுதுவோரின் விருப்பம். ஆயினும் நிரலகம் ஆக்குவோர் விரும்பினால் கட்டாயமாக்கலாம். பைத்தான் 3இல் வரிசைப்படுத்தும் செயலிடம் இறங்குவரிசை கேட்கும்போது ‘ரிவர்ஸ்=உண்மை’ என்றே எழுதவேண்டும்; வெறுமனே ‘உண்மை’ என்று எழுதினால் ஏற்காது. தனித்து நிற்கும் ‘உண்மை’ எதைப்பற்றிய உண்மை என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘கூட்டு(3, 5)’ என்பதில் பெயர்கள் சுமையே. இரண்டுக்கு மேற்பட்ட எண்கள், அல்லது ஒரே வகையான இரு மதிப்புகள் இடம் மாறினால் பொருள் கெடும் என்ற நிலை, அல்லது தனித்து நிற்கும் உண்மை பொய் ஆகிய இடங்களிலாவது உருபு கட்டாயம் என்பதே நியாயமான எல்லை என்று தோன்றுகிறது.

முற்றும் எச்சமும்

பைத்தான் பயிலும் மாணவர் ஏறத்தாழ அனைவரும் ஒருமுறையேனும் எழுதும் வரி இது:

எடைகள் = எடைகள்.சார்ட்()

எடைகளை வரிசைப்படுத்தி, மீண்டும் அதே பெயரில் வைக்கிறோம் என்று அவர் நினைக்கிறார். நிகழ்வது வேறு. ‘சார்ட்’ என்னும் செயல் பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு, வெறுமையைத் திருப்பித் தருகிறது. அவ்வெறுமை எடைகள் என்னும் பெயரில் வந்து உட்காருகிறது. பட்டியல் கைவிட்டுப் போகிறது. இது கவனக்குறைவால் அமைந்ததன்று. மூலப்பட்டியல் மாறிவிட்டது என்பதை எழுதுவோர் மறவாதிருக்கவே எதுவும் திருப்பித் தரப்படுவதில்லை.

இதைத் தமிழாசிரியர் ஒரே தொடரில் விளக்கிவிடலாம். வினைமுற்றோடு தொடர் முடிந்துவிடும், எச்சமாயின் தொடரும். ‘வரிசைப்படுத்தினார்’ என்றபின் தொடர்வதற்கு ஒன்றுமில்லை. ‘வரிசைப்படுத்தி’ என்றால் அடுத்த வினைக்குக் கை நீட்டுகிறது. வெறுமையைத் திருப்பித் தரும் செயல் முற்று. பொருளைத் திருப்பித் தரும் செயல் எச்சம். பின்னதைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம்:

பால்.வடிகட்டு().நிறு().பதி()

பாலை வடிகட்டி, நிறுத்து, பதி. (‘நிறு’ என்பதன் எச்சமும் ‘நிறுத்து’, நிற்கச் செய் என்னும் ஏவலும் ‘நிறுத்து’. தமிழில் நிரலகம் எழுதப் புகுவோர் இத்தகைய கண்ணிகளுக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும்.) இவ்வாறு கோத்து எழுதும் பாணிக்கு மார்ட்டின் ஃபவுலரும் எரிக் எவான்சும் 2005இல் ‘ஃபுளூயண்ட் இண்டர்ஃபேஸ்’ என்று பெயரிட்டனர், சரளமான இடைமுகம் என்று கொள்ளலாம். 2006இல் வெளிவந்த ஜேகுவெரி என்னும் நிரலகம் இப்பாணியை வலைப்பக்கம் எழுதுவோர் அனைவரிடமும் பரப்பியது.

சங்கிலி படிக்க இனியது. ஆனால் அதற்குள் ஓர் ஐயம் ஒளிந்திருக்கிறது. ‘வடிகட்டு’ பாலைத் திருப்பித் தருகிறது. ‘நிறு’ எதைத் திருப்பித் தருகிறது? பாலையா, எடையாகிய எண்ணையா? எண்ணை எனில் இறுதியில் நிற்கும் ‘பதி’ பாலுக்கு உரிய செயலன்று, எண்ணுக்கு உரியது. புள்ளிக்கு முன் நிற்பவர் இடையிலேயே மாறிவிட்டார். தொடரின் தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தமிழில் இம்மாற்றம் மறைவதில்லை. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் விதி. வினைமுதல் மாறுமாயின் செய என்னும் எச்சத்துக்கு மாறவேண்டும்: ‘தொழிலாளி பாலை ஊற்றி நிறுத்தார்’ என்பதில் இரண்டையும் செய்தவர் ஒருவரே, ‘தொழிலாளி ஊற்ற, கிராணி நிறுத்தார்’ என்பதில் இருவர். ஆள் மாறுகிறது என்பதை வினையின் ஈறே முன்னதாக அறிவித்துவிடுகிறது. புள்ளி மொழிகளில் அவ்வாறு அறிவிக்கும் ஈறு இல்லை.

இக்குறையைப் பெயர் வைப்பதன்மூலம் ஈடுசெய்ய முயன்றோர் உளர். ரூபியில் மூலத்தையே மாற்றும் செயலின் பெயர் பலவிடங்களில் வியப்புக்குறியோடு முடியும்: ‘சார்ட்’ புதிய பட்டியலைத் தரும், ‘சார்ட்!’ இருப்பதையே மாற்றும். ஸ்விஃப்ட் இன்னும் நுட்பமானது. மூலத்தை மாற்றும் செயலுக்கு ஏவல் வடிவம், மாற்றாமல் புதியதைத் தரும் செயலுக்கு எச்ச வடிவம் என்பது அதன் பெயரிடு நெறி. ‘சார்ட்’ என்றால் வரிசைப்படுத்து. ‘சார்ட்டட்’ என்றால் வரிசைப்படுத்திய. பைத்தானும் 2004இல் ‘சார்ட்டட்’ என்னும் செயலைத் தன் 2.4 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. ‘வரிசைப்படுத்திய எடைகள்’ என்பது பெயரெச்சத் தொடர். அது ஒரு பெயர். ஆகவே அதை ஏற்றுச் சேமிக்கலாம். ‘எடைகளை வரிசைப்படுத்து’ என்பது கட்டளை. அதைச் சேமிக்க முற்பட்டால் கையில் வெறுமைதான் கிடைக்கும். ஏவலையும் பெயரெச்சத்தையும் பிரித்தறியும் ஆறாம் ஆண்டு மாணவர் இவ்வேறுபாட்டை உடனே பிடித்துக்கொள்வார்.

எழில் காட்டிய வழி

தமிழிலேயே நிரல்மொழி ஆக்கினால் இவ்விடர்கள் தீருமா? இதற்கு விடை தேடச் செயல்வடிவில் முயன்றவர் முத்து அண்ணாமலை. எழில் என்னும் மொழியை 2007 முதல் அவர் உருவாக்கினார். 2013இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டுக்கும் எழிலைப்பற்றிய கட்டுரை ஒன்றை அவர் அளித்தார். இளம் மாணவர் தம் தாய்மொழியில் கணினி அறிவியலின் முதற்படிகளைக் கற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். எழில் பொருள்நோக்கு மொழியன்று. ஆயினும் தொடரமைப்பைப்பற்றி அது எடுத்த ஒரு முடிவு நம் பொருளுக்கு மிக நெருங்கியது.

@( எடை > 30 ) ஆனால்
பதிப்பி "நிறைவு"
இல்லை
பதிப்பி "குறைவு"
முடி

ஆங்கில ஆணைச்சொற்களுக்கு மாற்றாகத் தமிழ்ச் சொற்களை அதே இடத்தில் வைத்திருந்தால் ‘ஆனால்’ முதலில் வந்திருக்கும். தொடர் தமிழாக இராது. எழில் நிபந்தனையை முன்னே வைத்து, ‘ஆனால்’ என்பதைப் பின்னே வைத்தது. தமிழில் நிபந்தனைச் சொல் தொடரின் இறுதியிலேயே வரும் என்பதை மதித்த முடிவு இது. ஆனால் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும் கணினிக்கு, அடைப்புக்குறி தொடங்கும்போது அது நிபந்தனையா வெறும் கணக்கா என்று தெரியாது. எனவே முன்னறிவிப்பாக ‘@’ என்னும் குறி வைக்கப்பட்டது. ‘பதிப்பி’ மட்டும் ஆங்கில மரபுப்படி முன்னே நிற்கிறது. தமிழ்த் தொடர்முறை பாதி, ஆங்கிலத் தொடர்முறை பாதி என்னும் இந்நிலையைச் சிலர் குறையாகக் காணலாம். நான் அதை நேர்மையான உடன்படிக்கையாகவே காண்கிறேன்.

அப்படியானால் உருபுகளையே நிரலில் எழுத இயலாதா? ஜப்பானியர் எழுதிவிட்டனர். அவர்களுடைய மொழியும் தமிழைப்போல வினை இறுதியில் வருவது. வேற்றுமைப் பொருளை இடைச்சொற்கள் உணர்த்துவது. நாதெசிகோ என்னும் ஜப்பானிய நிரல்மொழியில் செயலுருபுகளின் பங்கை அவ்விடைச்சொற்களே குறிக்கின்றன. தமிழுக்கு இங்கே ஒரு தடை உண்டு. ஜப்பானிய இடைச்சொல் பெயரின் பின்னே நிற்கும், பெயரைச் சிதைக்காது. தமிழ் உருபோ பெயரோடு புணர்கிறது. மரம் என்பது ‘மரத்தை’ என்றும், வீடு என்பது ‘வீட்டை’ என்றும், உளி என்பது ‘உளியை’ என்றும் ஆகும். ‘மரத்தை’ என்று எழுதினால் அது ‘மரம்’ என்னும் பெயரைத்தான் சுட்டுகிறது என்று கணினி அறிய, புணர்ச்சி விதி முழுவதும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்நிலையில் புள்ளிக்கும் சமக்குறிக்கும் நமக்குத் தனிப்பயன் உண்டு. ‘மரம்.சீவு()’ என்பதிலும் ‘நிரை=14’ என்பதிலும் பெயர் திரிபின்றி நிற்கிறது. உருபு ஒட்டவேண்டிய இடத்தில் புள்ளி நின்று புணர்ச்சியைத் தடுத்துவிடுகிறது.

வடிவம் பொருந்தினும் பொருள் பொருந்தாத இடமும் உண்டு. பைத்தானில் ‘லென்("ஈப்போ")’ என்று கேட்டால் 5 என்று விடை வரும். ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. ஸ்விஃப்டில் அதே சரத்திடம் ‘கவுண்ட்’ கேட்டால் 3 வரும்: ஈ, ப், போ. தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவரும் 3 என்றே சொல்வார். எழிலை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகம், சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயலை இதற்காகவே கொண்டிருக்கிறது.

வகுப்பில் இவற்றைத் தொடங்கப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. 2008இல் வந்த பைத்தான் 3, பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுத இடம் தருகிறது. ஆணைச்சொற்கள் ஆங்கிலமாக இருப்பினும் வகுப்பு, பொருள், செயல், செயலுருபு ஆகியவற்றின் பெயர்களை மாணவர் தமிழிலேயே சூட்டலாம். செக்ரோலுக்கு ஒரு நிரலகம் அமைக்கும் பணியை மாணவர் குழுக்களிடம் தந்து, எந்தச் செயல் யாருக்கு உரியது, எது முற்று, எது எச்சம், எங்கே உருபு கட்டாயம் என்று முதலில் தாளில் எழுதச் சொல்லலாம். அவ்வேளையில் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் இருப்பது நன்று.

ஒரு சிக்கலை மட்டும் அவர்கள் முன்னரே எதிர்பார்க்கலாம். மாணவர் முதலில் சூட்டும் பெயர்களுள் ‘சேர்’ என்பது இருக்கக்கூடும். சேர்ந்தார் என்றால் தன்வினை, சேர்த்தார் என்றால் பிறவினை. ஏவலில் இரண்டும் ‘சேர்’ என்றே நிற்கும். ‘மாணவர்.சேர்(குழு)’ என்று ஒரு குழுவும் ‘குழு.சேர்(மாணவர்)’ என்று மற்றொரு குழுவும் எழுதிவரும். முன்னதில் மாணவர் குழுவில் சேர்கிறார். பின்னதில் குழு மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது. சொல் ஒன்றே, எது தன்வினை, எது பிறவினை என்பதைப் புள்ளிக்கு முன் நிற்கும் பெயரைக் கொண்டே அறியவேண்டியிருக்கும்.